இந்திய ரூபாவின் பிணைப்பும் இலங்கையின் நாணயச் சட்டமும்

நாணயம் வெளியிடுதல் ஆட்சியுரிமையின் தலையாய அடையாளங்களுள் ஒன்றென்பது பண்டுதொட்டு வரும் கொள்கை. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் நந்தியுருவையும் ‘சேது’ என்னும் மொழியையும் தம் காசுகளிற் பொறித்தமை இக்கொள்கை பற்றியே. ஆயின், 1948ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள் சுதந்திரம் பெற்ற இலங்கை, அதன்பின் இரண்டரை ஆண்டுகள் வரையிற் பிறிதொரு நாட்டின் நாணயத்தின் நிழலாகவே தன் நாணயத்தை வைத்திருந்தது. கொடி வேறாயிற்று, பாராளுமன்றம் வேறாயிற்று, ரூபா மட்டும் இந்திய ரூபாவோடு கட்டுண்டு கிடந்தது. அக்கட்டு 1950ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் நாள், இலங்கை மத்திய வங்கி தொழிலாற்றத் தொடங்கியபோது அவிழ்ந்தது.

இவ்விடுதலையைக் கூறும் நூல்கள் பலவும் அதனைக் கொழும்பின் வரலாறாகவே கூறிச் செல்கின்றன. உண்மையில், அப்பிணைப்பு கண்டியையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் வேராகக் கொண்டு தோன்றியதாகும். அது நீங்கியபோது எழுந்த புதிய விதிகளின் பாரத்தைத் தாங்கியோருள்ளும் மலைநாட்டாரே முன்னின்றனர். பிணைப்பினின்று விலகுதல் ஒருநாட் செயல். விலகியபின் உள்நாட்டு விதிகளை ஒழுங்கு செய்தலோ தலைமுறைகளின் பணி. அப்பணி எவ்வாறு நடந்தது, யார் பொருட்டு நடந்தது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

பிணைப்பின் தோற்றம்

தேசாதிபதி சேர் எட்வேட் பார்ன்ஸ் கொழும்பு - கண்டி வீதியை அமைத்துக் கன்னொறுவையிற் கோப்பிப் பயிர் செய்த காலந்தொட்டு, மலைநாட்டின் பொருளாதாரம் இரு கரைகளுக்கிடையே நின்றது. விளைந்த கோப்பி லண்டன் சந்தையில் விலையாயிற்று. அதனை விளைத்த தொழிலாளர் தமிழகத்தினின்று வந்தனர். அவர் உண்ட அரிசியும் உடுத்த துணியும் பெரும்பாலும் அங்கிருந்தே வந்தன. ஈட்டுவது பவுணிலும் செலவிடுவது ரூபாவிலுமாக அமைந்தமையால், தோட்டத்துரைமார்க்குக் கூலி கொடுக்கும் காலத்தில் வேண்டப்பட்டது இந்திய வெள்ளி ரூபாவே. அந்நியச் செலாவணி வங்கிகள் லண்டன் மீதான உண்டியல்களை வாங்கி, தென்னிந்தியாவினின்று வெள்ளியை இறக்கிக் கொடுத்தன. 1854ஆம் ஆண்டிற் கண்டியில் நிறுவப்பட்ட தோட்டக்காரர் சங்கம் அக்காலப் பொருளாதாரத்தின் தலைமை அவையாக விளங்கியது.

மக்கள் வழக்கிற் புகுந்ததைச் சட்டம் பின்னர் ஏற்றுக்கொண்டது. 1872ஆம் ஆண்டு முதல் பவுண், சிலிங், பென்ஸ் என்னும் கணக்கு நீங்கி, ரூபாவும் சதமும் இலங்கையின் கணக்காயின. இந்தியாவில் ஒரு ரூபா பதினாறு அணாவாக நிற்க, இலங்கையில் அதே ரூபா நூறு சதமாகப் பிரிக்கப்பட்டது. சில்லறையில் வேற்றுமை, நாணயத்தில் ஒற்றுமை. இந்தியா தசமக் கணக்கிற்கு மாறியது 1957ஆம் ஆண்டிலேயே என்பது ஈண்டு நினைத்தற்குரியது.

கோப்பியின் வீழ்ச்சி அடுத்த படியை அமைத்தது. 1869ஆம் ஆண்டிற் காணப்பட்ட இலைநோய் பதினைந்து ஆண்டுகளுள் மலைச்சரிவுகளை வெறுமையாக்கிற்று. தோட்டங்களை ஈடாகக் கொண்டு பெருங்கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் கதவடைத்தது. அவ்வங்கியின் தாள்களே நாட்டின் பெருவழக்கான பணமாக இருந்தமையால், அவை வெறுந்தாள்களாய்விடும் நிலை தோன்றிற்று. தேசாதிபதி சேர் ஆதர் கோடன் அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பென அறிவித்துப் பேரிடரைத் தடுத்தார். அவ்வாண்டின் 32ஆம் இலக்கத் தாள்நாணயக் கட்டளைச் சட்டம் தனியார் வங்கிகளின் தாள் வெளியீட்டை ஒழித்து, நாணய ஆணையாளர் கையில் அவ்வுரிமையை ஒப்படைத்தது. இலங்கையின் நாணயச் சட்டத்திற்கு முதல் வித்து, கண்டிச் சீமையின் கருகிய கோப்பித் தோட்டங்களில் விழுந்தது எனின் மிகையாகாது.

பிணைப்பின் இயல்பு

ஆணையாளர் முறை எளியது. இந்திய ரூபா கொடுத்தால் அவ்வளவு இலங்கை ரூபா கிடைக்கும். இலங்கை ரூபா கொடுத்தால் அவ்வளவு இந்திய ரூபா கிடைக்கும். வெளியிட்ட தாளுக்கு ஈடான செல்வம் காசாகவும் கடன்பத்திரமாகவும் சேமத்தில் இருத்தல் வேண்டும். 1941ஆம் ஆண்டின் நாணயக் கட்டளைச் சட்டமும் இந்நெறியையே வற்புறுத்திற்று. இந்திய ரூபா ஸ்டேர்லிங்கோடு கட்டுண்டிருந்தமையால், இலங்கை ரூபா இருமடி பிணைப்புடையதாயிற்று.

இம்முறையின் நன்மை ஒன்று; தீமைகள் மூன்று. வரவுக்கு மேற் செலவிட விரும்பும் அரசு தாளை அச்சிட்டு அச்செலவை நிரப்ப முடியாது என்பதே நன்மை. இனித் தீமைகள்: தேயிலையின் விலை லண்டனில் இறங்கினால் இலங்கையிற் பணம் தானே சுருங்கும், வேலையும் வாணிகமும் உடன் சுருங்கும். நாட்டின் சேமிப்பு பிற நாட்டுக் கடன்பத்திரங்களிற் கிடக்க, உள்நாட்டு முயற்சிகள் பணமின்றி வாடும். இவை இரண்டு. நாணயத்தின் பெறுமதி பற்றிய முடிவுகள் இலங்கையைக் கேளாமலே எடுக்கப்படும் என்பது மூன்றாவது. 1893ஆம் ஆண்டில் இந்தியா வெள்ளியைத் தடையின்றிக் காசாக அடித்தலை நிறுத்தியபோதும், 1927ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதியை ஒரு சிலிங் ஆறு பென்ஸ் என வரையறுத்தபோதும், அம்முடிவுகள் கண்டித் தோட்டத்துக் கணக்கேடுகளிலும் உடனே புகுந்தன.

கடன் வழங்கும் துறையும் பிறர் கையிலேயே இருந்தது. பெரிய தோட்டங்களுக்குப் பிரித்தானிய வங்கிகள் உதவின. சிறு வணிகர்க்கும் நிலவுடைமையாளர்க்கும் துணையாயினோர் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரே. அவரும் அவ்வங்கிகளிற் கடன்பெற்றே கடன் கொடுத்தனர். 1925ஆம் ஆண்டிற் செட்டியார் நிறுவனம் ஒன்று முறிந்தபோது வங்கிகள் கையை இழுத்துக்கொள்ள, நாட்டுப்புறக் கடன்வழி அடைபட்டது. சேர் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் 1934ஆம் ஆண்டு அமைந்த வங்கி ஆணைக்குழுவின் பயனாக, 1939ஆம் ஆண்டு இலங்கை வங்கி தோன்றிற்று. கொழும்புக்கு வெளியே அதன் முதற் கிளை 1941ஆம் ஆண்டிற் கண்டியிலேயே திறக்கப்பட்டது. ஆயினும், வங்கிகளுக்கு வங்கியாய் நின்று பணத்தின் அளவை ஆளும் நிறுவனம் ஒன்று இன்னும் இல்லை.

1949ஆம் ஆண்டின் சட்டம்

1949ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்திற் பிரித்தானியா ஸ்டேர்லிங்கின் பெறுமதியைக் குறைத்தது. இந்திய ரூபா உடன் இறங்கிற்று. இலங்கை ரூபாவும் இறங்கிற்று. பாகிஸ்தானோ தன் ரூபாவை இறக்காது நின்றது. தனக்கெனச் சொந்த மத்திய வங்கி உடைய நாடு வேறுவழியுஞ் செல்லலாம் என்பதை அச்செயல் உலகிற்குக் காட்டிற்று.

அதற்கு முன்னரே நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா அமெரிக்க வங்கித்துறை அறிஞர் ஜோன் எக்ஸ்டர் அவர்களை ஆலோசகராக வருவித்திருந்தார். எக்ஸ்டர் வரைந்த அறிக்கையின் வழியே 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டம் நிறைவேறிற்று. ஆளுநர், நிதியமைச்சின் நிரந்தரச் செயலாளர், பிறிதோர் உறுப்பினர் ஆகிய மூவர் கொண்ட நாணயச் சபைக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது. உள்நாட்டிற் பணத்தின் பெறுமதியை நிலைநிறுத்தல், வெளிநாட்டு மாற்று வீதத்தைப் பேணல், உற்பத்தியையும் வேலைவாய்ப்பையும் வருவாயையும் உயர்த்தல், நாட்டின் வளங்களை முற்றாக விருத்தி செய்தல் என்பன அதன் நோக்கங்கள். எக்ஸ்டரே முதல் ஆளுநராயினார்.

விலகல் நிகழ்ந்த முறை நோக்கத்தக்கது. பழைய தாள்கள் ஒரே நாளிற் செல்லாதன ஆகவில்லை. மத்திய வங்கியின் சொந்தத் தாள்கள் 1951ஆம் ஆண்டிலேயே புழக்கத்திற்கு வந்தன. இலங்கை ரூபாவிற்கு 2.88 கிறெயின் தூய பொன் எனப் பெறுமதி வகுக்கப்பட்டது. அஃது இந்திய ரூபாவின் பெறுமதியோடு முற்றும் ஒத்ததே. எனவே, கடையிற் பொருள் வாங்கிய கண்டி நகரத்தானுக்கு யாதொரு மாற்றமும் புலப்பட்டிராது. மாறியது ஒன்றே: முன்பு கயிறு கட்டியிருந்தமையால் ரூபா அசையாதிருந்தது, இனி அசையாதிருப்பதும் அசைவதும் மூவரின் மதியைப் பொறுத்தனவாயின.

கயிற்றிற்குப் பதிலாகச் சட்டம் சில வேலிகளை இட்டது. அரசாங்கத்திற்கு வங்கி கொடுக்கும் முற்பணம் அவ்வாண்டின் மதிப்பிட்ட வருவாயிற் பத்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது. ஆறு திங்களுள் அது திருப்பப்படல் வேண்டும். எனினும், அரசின் திறைசேரி உண்டியல்களை வாங்கும் வழியும் வங்கிக்குத் திறந்தே இருந்தது. வேலியின் அப்படலை எத்துணை அகலமானது என்பதைப் பிற்காலம் காட்டிற்று.

கட்டுப்பாட்டின் வருகை

புதிய வங்கிக்குத் தொடக்கத்தில் நற்காலம் வாய்த்தது. கொரியப் போரினால் றப்பரும் தேயிலையும் நல்விலை பெற்றன. செலாவணிச் சேமம் நிறைந்தது. 1952ஆம் ஆண்டில் விலைகள் சரிந்தன. அரிசியின் விலையோ உலகச் சந்தையில் ஏறிற்று. பழைய முறையாயின் பணம் தானே சுருங்கி மக்கள் நுகர்வு குறைந்திருக்கும். இப்போது அரசு பற்றாக்குறையாற் செலவைத் தாங்கிற்று. சேமம் விரைந்து உருகிற்று. 1953ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அரிசி மானியம் வெட்டப்பட்டு, ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. ஓகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் எழுந்தது. அவ்வாண்டு ஒக்தோபரிற் பிரதமர் டட்லி சேனாநாயக்கா பதவி துறந்தார்.

ஹர்த்தாலுக்கு மூன்று நாளின் பின், 1953ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. போர்க்கால விதிகளாக இருந்தவை நிலையான சட்டமாயின. அந்நிய நாணயத்தை வாங்கலும் விற்றலும் அதிகாரம் பெற்ற வங்கிகளுக்கே உரியன. நாட்டுக்கு வெளியே பணம் செலுத்துதற்கு அனுமதி வேண்டும். பணத்தின் அளவைத் தானே கட்டுப்படுத்திய பொறி நீக்கப்பட்டபின், ஆட்களைக் கட்டுப்படுத்தும் பொறி தேவைப்பட்டது. இதுவே விலகலின் பின்னர் வந்த விதிச்சீரமைப்பின் உட்பொருள்.

மலைநாட்டுக் குடும்பமும் புதிய விதிகளும்

இவ்விதிகள் எல்லார்க்கும் ஒரே வகையாகப் பொருந்தின எனக் கூறல் எளிது. ஆயின், இரு கரையிலும் உறவுடையார்க்கு அவை வேறு பொருள் தந்தன. புசல்லாவையிலோ நாவலப்பிட்டியிலோ கொழுந்து பறித்த ஒருத்தி திருச்சியிலோ சேலத்திலோ உள்ள தன் தாய்க்குப் பத்து ரூபா அனுப்பினால், முன்னர் அது பத்து ரூபாவாகவே சேர்ந்தது. அஃது ஒரு வீட்டின் உள்விவகாரம். சட்டம் வந்தபின் அதுவே அந்நிய நாட்டுக்குச் செலாவணி அனுப்புதல் என்னும் பெயர் பெற்று, அனுமதிக்கு உரிய செயலாயிற்று. அவள் பறித்த கொழுந்தே நாட்டின் ஏற்றுமதி வருவாயிற் பாதிக்கு மேற்பட்டதை ஈட்டித் தந்தது என்பதும் மறத்தற்குரியதன்று.

இச்சட்டங்கள் இயற்றப்பட்ட வேளையில் அம்மக்களின் நிலை யாது? 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது, நுவரெலியாவில் எஸ். தொண்டமானும் நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும் தெரிவாகினர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட தேர்தற் சட்டத் திருத்தமும் அவ்வாக்காளர் பெரும்பாலாரின் வாக்குரிமையைப் பறித்தன. நாணய விதிச் சட்டமும் அதே 1949ஆம் ஆண்டினது. நாணயம் நாட்டுடைமையானபோது, அந்நாணயத்திற்கு ஆதாரமான செல்வத்தை உழைத்துத் தந்தோர் நாட்டவர் அல்லாராயினர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலின்பின், செலாவணிச் சட்டம் இயற்றப்பட்ட அவையில், மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் தெரிந்தனுப்பிய குரல் ஒன்றேனும் இல்லை.

1964ஆம் ஆண்டு ஒக்தோபர் 30ஆம் நாள் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தருவதென்றும் வகுத்தது. அதனுள்ளும் செலாவணி பற்றிய வாசகம் உண்டு: திரும்பிச் செல்வோர் சேமலாப நிதி உட்படத் தம் உடைமைகளை எடுத்துச் செல்லலாம், ஒரு குடும்பத்திற்கு அனுமதிக்கப்படும் உச்ச வரம்பு 4,000 ரூபாவினும் கீழாகக் குறைக்கப்படலாகாது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி அந்நிதியைக் காத்து நின்றதும் மத்திய வங்கியின் நாணயச் சபையே. கண்டியில் உள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்திற் பயணப் பத்திரம் பெற்று, பொல்காவலை வழியே தலைமன்னார் சென்று இராமேஸ்வரத்திற்குக் கப்பலேறிய குடும்பங்களின் வாழ்நாட் சேமிப்பிற்கு, மாற்று வீதமும் செலாவணி வரம்புமே அளவுகோலாயின.

ரூபாக்கள் பிரிந்த பின்னர்

பதினாறு ஆண்டுகள் இரு ரூபாக்களும் பெறுமதியில் ஒன்றாகவே நின்றன. 1966ஆம் ஆண்டு யூன் 6ஆம் நாள் இந்தியா தன் ரூபாவின் பெறுமதியை 36.5 சதவீதம் குறைத்தது. அமெரிக்க டொலர் ஒன்று இந்தியாவில் 4.76 ரூபாவிலிருந்து 7.50 ரூபாவாக, இலங்கையில் 4.76 ரூபாவாகவே நின்றது. பிணைப்பு உண்மையில் நீங்கியது என்பதற்கு அன்றே கண்கூடான சான்று கிடைத்தது. 1967ஆம் ஆண்டு நொவெம்பரில் ஸ்டேர்லிங் இறங்கியபோது இலங்கை தன் ரூபாவை 20 சதவீதம் குறைத்தது. டொலர் 5.95 ரூபாவாயிற்று. மேற்கூறிய 4,000 ரூபாவைக் கொண்டே இதனை அளந்து பார்க்கலாம். முதலில் அது 4,000 இந்திய ரூபா. 1966ஆம் ஆண்டு யூனின்பின் ஏறக்குறைய 6,300. 1967ஆம் ஆண்டு நொவெம்பரின்பின் ஏறக்குறைய 5,040. உழைப்பு ஒன்றே, அதன் பயன் புறப்படும் நாளைப் பொறுத்து வேறுபட்டது.

1968ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறை புகுத்தப்பட்டது. அத்தியாவசியமல்லாத இறக்குமதிகளுக்கும் புதிய ஏற்றுமதிகளுக்கும் 44 சதவீத மேலதிக வீதம். பின்னர் அது 65 சதவீதமாயிற்று. தேயிலை, றப்பர், தெங்கு ஆகிய மரபுவழி ஏற்றுமதிகளுக்கோ பழைய குறைந்த வீதமே. மலைநாடு ஈட்டிய டொலருக்கு மலைநாடு பெற்ற ரூபா பிறர் பெற்றதினும் குறைவு. சட்டத்தில் வரியெனும் பெயரில்லாத வரி அது. 1977ஆம் ஆண்டு நொவெம்பரில் இரு வீதங்களும் ஒன்றாக்கப்படும் வரை இந்நிலை நீடித்தது. 1825 முதல் 1957 வரையுள்ள நாணய வரலாற்றைப் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எச். ஏ. டி எஸ். குணசேகரா 1962ஆம் ஆண்டில் விரிவான நூலாக்கினார். அதன் தொடர்ச்சியாக, இவ்விரட்டை வீதத்தைத் தோட்ட வரிசையில் நின்று நோக்கும் ஆய்வும் வேண்டப்படுவதாகும்.

பிறநாட்டு ஒப்புமையும் பிற்கால விளைவும்

கூட்டினின்று விலகும் நாடுகள் பழைய விதிகளை ஒருங்கே எறிந்துவிடுவதில்லை. 1937ஆம் ஆண்டில் இந்தியாவினின்று பிரிக்கப்பட்ட பர்மா, இந்திய ரிசர்வ் வங்கியின் நாணய ஆட்சியினின்று முற்றும் நீங்கியது 1947ஆம் ஆண்டிலேயே. ஐரோப்பிய ஒன்றியத்தினின்று 2020ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் விலகிய பிரித்தானியா, 2018ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒன்றியத்தின் விதிகளைத் தன் உள்நாட்டுச் சட்டமாகவே முதலில் வைத்துக்கொண்டது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே அவற்றுள் ஏறக்குறைய 600 விதிகளை நீக்கிற்று. இலங்கை 1950ஆம் ஆண்டிற் செய்ததும் அதுவே: பழைய தாள், பழைய பெறுமதி, பழைய போர்க்கால விதி ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு, பின்னர் ஒவ்வொன்றாக மாற்றிற்று.

அம்மாற்றம் முடிய எழுபது ஆண்டுகளுக்கு மேற் சென்றது. செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அறுபத்து நான்கு ஆண்டுகள் நின்று, 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்திற்கு இடங்கொடுத்தது. 1949ஆம் ஆண்டின் வேலியில் இருந்த படலை வழியே அரசுகள் மேன்மேலும் புகுந்தன. இறுதியில், 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடன் செலுத்துதல் நிறுத்தப்பட்டது; செத்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை அணுகிற்று. நாட்கூலிக்கு மாவும் அரிசியும் வாங்கும் தோட்டக் குடும்பத்திற்கு அஃது எத்துணைப் பெருஞ்சுமை என்பது விளக்க வேண்டாதது. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க இலங்கை மத்திய வங்கிச் சட்டம் நாணய விதிச் சட்டத்தை நீக்கி, விலை நிலைபேற்றை வங்கியின் முதல் நோக்கமாக்கிற்று. அரசின் கடன்பத்திரங்களை வெளியீட்டின்போதே வங்கி வாங்குவதைத் தடுத்தது. திறைசேரிச் செயலாளரை ஆளுஞ்சபையினின்றும் விலக்கிற்று. பழைய கயிறு செய்த வேலையைச் செய்யுமாறு, இம்முறை நாடே தனக்கொரு கயிற்றைத் திரித்துக்கொண்டது.

முடிவாக ஒன்று கூறலாம். இந்திய ரூபாவின் பிணைப்பு நீங்கியமை தவறன்று. பிறர் எடுக்கும் முடிவுக்குத் தன் மக்களின் வாழ்வை ஒப்புக்கொடுத்து எந்நாடும் நெடுங்காலம் நிற்றல் இயலாது. ஆயின், கட்டினின்று நீங்கிய நாட்டிற்குத் தன்னைத்தான் கட்டும் விதி வேண்டும். அவ்விதியின் பாரத்தைத் தாங்குவோர்க்கு அதனை இயற்றும் அவையில் இடமும் வேண்டும். முன்னதை 1949ஆம் ஆண்டுச் சட்டம் அரைகுறையாகச் செய்தது. பின்னதை அக்காலத்து ஆட்சியாளர் எண்ணிலர். மலைநாட்டு மக்களின் பிரஜாவுரிமைக் குறை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும், நாணயச் சட்டத்தின் குறை 2023ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் நீக்கப்படலாயின. இரண்டும் ஒரே ஆண்டுகளில் விளைந்த குறைகள் என்பதை, கண்டிச் சீமையின் பொருளாதார வரலாற்றைக் கற்கும் மாணவர் ஒருங்குவைத்துக் காண்பாராக.